படைப்பாற்றல்: அதன் இயல்பும் வளர்க்கும் முறையும்

மனிதனுக்கு வாய்த்துள்ள ஆற்றல்களுள், முன்பு இல்லாத ஒன்றை எண்ணி ஆக்கும் ஆற்றல் தலைசிறந்ததாகும். கல்லைக் கூராக்கிக் கருவி செய்தவனும், ஏற்றம் அமைத்துக் கிணற்று நீரை இறைத்தவனும், அணுவின் அமைப்பை ஆராய்ந்தவனும் இவ்வாற்றலையே வெவ்வேறு அளவிற் பயன்படுத்தினர். எனினும் இதனைப் பற்றி மக்களிடையே நிலவும் கருத்துப் பெரும்பாலும் பிழையானது. படைப்பாற்றல் ஒரு சிலருக்கே பிறவியில் அமைந்த வரம் என்றும், புதிய எண்ணம் மின்னலைப் போன்று காரணமின்றித் தோன்றுவது என்றும், அது கவிஞருக்கும் விஞ்ஞானிக்குமே உரியது என்றும் பலர் கருதுகின்றனர்.

இக்கருத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. தமக்கு அவ்வரம் இல்லை என்று நம்பும் ஆசிரியர், பாடநூலில் உள்ளதைக் கூறுவதோடு நின்றுவிடுகிறார். அவ்வாறே நம்பும் களப்பணியாளர், சுற்றறிக்கையில் உள்ளதை நிறைவேற்றுவதோடு அமைகிறார். வயலிலும் வகுப்பிலும் மருத்துவ நிலையத்திலும் அவர்கள் நாள்தோறும் காணும் புதுமைகள் எவராலும் குறிக்கப்படாமல் மறைகின்றன. அவற்றுள் எத்தனை, ஒரு நல்ல கண்டுபிடிப்பின் வித்தாக இருந்தன என்பதை எவரும் அறியார்.

இந்திய நாட்டில் நிகழ்ந்த சில கண்டுபிடிப்புகளை ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலப்படும். அதாவது, எதிர்பார்த்ததோடு பொருந்தாத ஒன்றைப் புறக்கணிக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கமே படைப்பாற்றலின் வேர். இப்பழக்கம் பயிற்சியால் வளர்வது. ஆதலின் எவருக்கும் கைவரக்கூடியது.

படைப்பின் நான்கு படிகள்

ஆங்கில அறிஞர் கிரஹாம் வாலஸ் என்பவர், சிந்தனைக் கலையைப் பற்றி 1926-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புதிய எண்ணம் பிறக்கும் முறையை நான்கு படிகளாகப் பகுத்தார். முதலாவது தயாரிப்பு, பொருளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, வினாவைப் பல பக்கங்களிலிருந்தும் ஆராயும் நிலை. இரண்டாவது அடைகாத்தல், வினாவை நேராக எண்ணாமல் மனத்தின் ஆழத்தில் விட்டுவைக்கும் நிலை. மூன்றாவது தெளிவு, விடை அல்லது விடைக்குரிய வழி தோன்றும் நிலை. நான்காவது சரிபார்த்தல்; தோன்றிய எண்ணம் மெய்யா, பொய்யா என்று சோதித்து அறியும் நிலை.

இவற்றுள் உலகம் போற்றுவது மூன்றாவதை மட்டுமே. பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே, பயண வண்டியின் படியில் காலை வைத்த கணத்தில் தம் நெடுநாளைய சிக்கல் ஒன்று தெளிவுற்றதாகக் கூறியுள்ளார். கேட்போர் வண்டியின் படியை நினைவிற் கொள்கின்றனர். அதற்கு முன் அவர் அச்சிக்கலோடு போராடிய நாட்களையும், ஊர் திரும்பிய பின் அதனைச் சரிபார்த்த உழைப்பையும் மறந்துவிடுகின்றனர்.

இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியலில் ஊதி நெருப்பாக்குவது கிராமப்புற இல்லங்களின் பழைய வழக்கம். அடைகாத்தல் என்னும் படி இதனை ஒத்தது. ஆனால் முன்னிரவில் நன்கு எரிந்த அடுப்பில்தான் விடியலில் தணல் இருக்கும். தயாரிப்பு இல்லாத இடத்தில் காத்திருந்து பயனில்லை.

கடலின் நீலமும் மங்கிய ஒளியும்

சி. வி. இராமன் 1907-ஆம் ஆண்டு முதல் கல்கத்தாவில் அரசாங்க நிதித் துறையில் அலுவலராகப் பணியாற்றினார். அலுவலக வேலைக்கு முன்னும் பின்னும், இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒலி, ஒளி ஆகியவற்றைப் பற்றி ஆராய்ந்தார். 1917-ஆம் ஆண்டில் அரசாங்கப் பதவியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

1921-ஆம் ஆண்டு அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலிற் சென்று திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்பது ரேலி பிரபு போன்ற பேரறிஞர் கொண்டிருந்த முடிபு. இராமன் தம்மிடம் இருந்த நிக்கல் பட்டகம் ஒன்றைக் கொண்டு, நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வானொளியைத் தடுத்துவிட்டுக் கடலை நோக்கினார். முடிபு சரியாயின் நீலம் மறைதல் வேண்டும். ஆனால் அது மறையவில்லை. முன்னிலும் ஆழ்ந்து தோன்றியது. ஆகவே நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் உணர்ந்தார்.

கல்கத்தா திரும்பியதும், திரவங்களில் ஒளி சிதறும் வகையைப் பற்றித் தம் மாணவர்களுடன் தொடர்ந்து ஆராய்ந்தார். 1923-ஆம் ஆண்டில் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மிக மங்கிய ஒரு பகுதி இருப்பதைக் கண்டார். திரவத்தில் உள்ள மாசே அதற்குக் காரணமாகலாம் என்று கருதப்பட்டது. திரவம் மீண்டும் மீண்டும் தூய்மை செய்யப்பட்டது. அப்போதும் மங்கிய ஒளி மறையவில்லை. வேறு திரவங்களிலும் இது தோன்றுவதைக் கே. எஸ். கிருஷ்ணன் 1925-ஆம் ஆண்டில் கண்டார்.

கவனத்திற்கு உரிய கட்டம் இதுவே. மாசு என்று எழுதி ஏட்டை மூடிவிடுதல் எளிது. பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். இக்குழுவினரோ காரணம் அறியாத அந்த எச்சத்தைக் கைவிடவில்லை. எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மாறுவதைக் கண்டறிந்த காம்ப்டனுக்கு 1927-ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. அதனை ஒத்த விளைவு கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இராமனுக்கு வலுப்பெற்றது. ஏறத்தாழ 60 திரவங்கள் சோதிக்கப்பட்டன. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், சிதறிய ஒளியை நிறமாலைக் காட்டியின் வழியே நோக்கியபோது, புதிய நிறப்பகுதி தனித்து விளங்கியது. 1930-ஆம் ஆண்டில் இராமனுக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அந்நாள் 1987-ஆம் ஆண்டு முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

கப்பலில் எழுந்த வினாவிலிருந்து கண்டுபிடிப்பு வரை ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் சென்றன. ஒரே நாளில் தோன்றிய மின்னல் என்று இதனை எவரும் கூற இயலாது.

வயலில் மூன்று கதிர்கள்

இப்பழக்கம் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. மகாராஷ்டிர மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் நாந்தேட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தாதாஜி ராமாஜி கோப்ரகடே, சிறிதளவு நிலமே உடைய உழவர். தொடக்கப் பள்ளிக் கல்வியைக் கூட முடிக்காதவர். 1983-ஆம் ஆண்டில், 'பட்டேல் 3' என்னும் நெல் விளைந்த தம் வயலில், மூன்று கதிர்கள் மட்டும் மஞ்சள் சாயலுடன் வேறுபட்டு இருந்ததைக் கண்டார்.

கலப்பு விதை என்று அவற்றைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அறுவடையில் மற்றவற்றோடு சேர்த்து அடித்திருக்கலாம். அவர் அவ்விரண்டும் செய்யாமல் அக்கதிர்களைத் தனியே எடுத்துப் பாதுகாத்தார். அடுத்த பருவத்தில் அம்மணிகளைத் தனி இடத்தில் விதைத்து, விலங்குகள் அழிக்காவண்ணம் முள்வேலி இட்டார். பின்வந்த பருவங்களிலும் பொறுக்கி எடுத்த விதையையே விதைத்து, விளைச்சலையும் அரிசியின் தன்மையையும் பழைய நெல்லோடு ஒப்பிட்டார். ஐந்தாண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னரே புதிய நெல் உறுதிப்பட்டது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் 'எச். எம். டி.' எனப்பட்ட அந்நெல், பல மாநிலங்களுக்குப் பரவியது.

வாலஸ் கூறிய நான்கு படிகளும் இங்கே உள்ளன. வாழ்நாள் முழுதும் நெற்பயிரோடு பழகிய பழக்கமே அவருடைய தயாரிப்பு. அப்பழக்கம் இல்லாத கண்ணுக்கு அம்மூன்று கதிர்கள் தோன்றியே இரா. வேலியிட்டுப் பருவந்தோறும் ஒப்பிட்டது சரிபார்த்தலாகும்.

அவருக்குத் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் பரிசு 2005-ஆம் ஆண்டில் கிடைத்தது. எனினும் அவர் படைத்த நெல்லால் விளைந்த பெரும்பொருளில் அவரை அடைந்தது மிகச் சிறிதே. 2018-ஆம் ஆண்டில் அவர் காலமானார். தம் வட்டாரத்தில் ஓர் உழவர் கண்ட புதுமையை அவர் பெயரோடும் நாளோடும் உடனுக்குடன் பதிவு செய்தல் களப்பணியாளரின் கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

பங்காவ்ன் முகாமில் ஒரு துணிவு

சில வேளைகளில் பொருந்தாமை கண்ணெதிரே ஒரு பொருளாகத் தோன்றுவதில்லை. வழி தெரிந்திருந்தும் அது மக்களை எட்டாதிருத்தலே பொருந்தாமை ஆகிவிடும். 1971-ஆம் ஆண்டில், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் எல்லையோர முகாம்களில் நிரம்பி வழிந்தபோது, வாந்திபேதி நோய் பரவியது. பங்காவ்ன் என்னும் ஊரின் மருத்துவமனையில் நோயாளிகள் தரையிற் கிடந்தனர். சிரையின் வழியே உப்பு நீர் செலுத்துவதே அன்று ஏற்கப்பட்டிருந்த சிகிச்சை. ஆனால் அந்நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதனைச் செலுத்தப் பயிற்சி பெற்றோரும் மிகச் சிலரே. முகாம்களில் நோயுற்றோரில் 30 விழுக்காடு வரை இறந்தனர்.

அங்குப் பொறுப்பேற்ற மருத்துவர் திலீப் மகலனபிஸ், வேறொரு வழியைத் தேர்ந்தார். குளுகோஸ் உடன் இருப்பின் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது முந்திய பத்தாண்டிலேயே ஆராய்ச்சியால் தெரிந்திருந்தது. மருத்துவமனைகளில், தேர்ந்த மருத்துவர்களின் மேற்பார்வையில், வாய்வழி நீர் கொடுத்தும் பார்த்திருந்தனர். பயிற்சி அற்றவர் கையில் அதனை ஒப்படைக்கலாம் என்று எண்ணியவர் மிகச் சிலர். மகலனபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் அளவிற் கலந்த பொட்டலங்களைக் கல்கத்தாவில் தயாரிக்கச் செய்தார். முகாமில் அவை நீரிற் கரைக்கப்பட்டுப் பீப்பாய்களில் வைக்கப்பட்டன. நோயாளியின் தாயோ, உடன்பிறந்தவரோ குவளையில் பிடித்து ஊட்டினர். அவர்தம் சிகிச்சைக்கு உட்பட்ட ஏறத்தாழ 3,700 பேரில் இறந்தோர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

இங்கு அவர் புதிய மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த உண்மையை, தெரிந்த பொருள்களைக் கொண்டு, எவரும் எண்ணாத கைகளில் சேர்த்தார். தாயின் கையே செவிலியின் கையாகலாம் என்பதே அவருடைய படைப்பு. உயிர்க்கரைசல் என்று பின்னர் உலகெங்கும் பரவிய முறைக்கு இது பெருந்துணை ஆயிற்று. அதன் சேர்மானமும் அன்றோடு நின்றுவிடவில்லை. மேலும் சோதிக்கப்பட்டு, 2002-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தால் திருத்தப்பட்டது. ஆகவே இன்று வழங்க வேண்டியது திருத்திய முறைப்படி அமைந்த பொட்டலமே அன்றிப் பழைய அளவு அன்று.

வகுப்பறையில் மெழுகுவர்த்தி

ஆசிரியருக்குப் படைப்பாற்றலின் களம் வகுப்பறையே. சத்தியேந்திரநாத் போஸ் டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்த காலத்தில், பிளாங்கின் கதிர்வீச்சு விதியை நிறுவும் முறையில் உள்ள முரண்பாடு அவரை உறுத்தியது. மாணவருக்குத் தெளிவாக விளக்க வேண்டிய ஆசிரியர் என்னும் நிலையே அவ்வுறுத்தலை மிகுவித்தது. அதனைத் தீர்க்க முயன்று எழுதிய கட்டுரையை அவர் 1924-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். இன்று ஒருவகை அடிப்படைத் துகள்கள் போஸின் பெயரால் 'போஸான்' என்றே வழங்குகின்றன.

இத்தகைய உறுத்தல் பள்ளி மாணவருக்கும் எழுதல் கூடும். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் பரிசோதனை யாவரும் அறிந்தது. சுடர் அணைகிறது, குவளைக்குள் நீர் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்காகிய பிராணவாயு எரிந்து தீர்ந்தமையால் அவ்விடத்தை நீர் நிரப்பிற்று என்று விளக்கி அமைவது பலர் வழக்கம்.

கூர்ந்து நோக்கும் மாணவன் இவ்விளக்கத்தோடு பொருந்தாத மூன்று செய்திகளைக் காண்பான். சுடர் எரியும்போது நீர் சிறிதே ஏறுகிறது. அணைந்த பின்னரே விரைந்து ஏறுகிறது. சில வேளைகளில், குவளையைக் கவிழ்த்தவுடன் அதன் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுகின்றன. ஒரே குவளைக்குள் ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறுகிறது. பிராணவாயுவின் அளவோ மாறவில்லை. இவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், நீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பமே என்பதாகும். சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்றுக் குளிர்ந்து சுருங்குகிறது. வெளியில் உள்ள காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. பிராணவாயு செலவாவது உண்மையே. ஆனால் அதனிடத்தில் கரியமிலவாயு உண்டாவதாலும், பிராணவாயு முற்றும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுவதாலும், பழைய விளக்கம் போதாது.

"அணைந்த பிறகுதானே நீர் ஏறுகிறது?" என்று ஒரு மாணவன் கேட்கும் கணம் மிக அரியது. பாடநூலில் உள்ளதை எழுதிக்கொள் என்று ஆசிரியர் கூறின், அவன் அன்று கற்பது காற்றைப் பற்றிய பாடமன்று. கண்ணால் கண்டதை நம்பலாகாது என்னும் பாடமே. மாறாக, "எத்தனை மெழுகுவர்த்தி வைத்துப் பார்க்கலாம்?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்பின், அப்பொறி அணையாது. மூன்று மெழுகுவர்த்திக்கு ஆகும் செலவு சில ரூபாயே.

தன்னிடத்தில் வளர்த்துக்கொள்ளும் முறைகள்

1. குறிப்பேடு. ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்து, இடப்புறம் எதிர்பார்த்ததையும் வலப்புறம் கண்டதையும் நாள், இடம் ஆகியவற்றுடன் எழுதி வருதல் நன்று. இரண்டும் பொருந்தாத இடங்களில் கோடிடுக. கோடிட்ட ஒவ்வோர் இடமும் ஒரு வினாவாகும்.

2. வினாவைக் கூர்மையாக்குதல். தடுப்பூசி நாளன்று தாய்மார் ஏன் வருவதில்லை என்பது பெருவினா. அதற்கு விடை காணல் அரிது. எந்தத் தெருவினர், எந்தக் கிழமையில், எந்த மாதத்தில் வருவதில்லை என்று பிரித்தால், விடையின் பாதி தானே வெளிப்படும். நாற்று நடவுக் காலமே தடை என்று தெரிந்தால், செய்ய வேண்டியது அறிவுரை அன்று, நேரமாற்றமே.

3. பல விடைகள். அமெரிக்க உளநூல் அறிஞர் கில்ஃபோர்டு, 1950-ஆம் ஆண்டில் ஆற்றிய உரையில் படைப்பாற்றலை ஆராயாது விட்டதற்காக உளநூலாரைக் கடிந்துகொண்டார். ஒரே சரியான விடையை நாடும் சிந்தனை வேறு, பல விடைகளை நோக்கி விரியும் சிந்தனை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு செங்கல்லை எவ்வெவ்வகையிற் பயன்படுத்தலாம் என்று கேட்பது விரியும் சிந்தனையைச் சோதிக்கும் வழிகளுள் ஒன்று. முதலிற் பத்து விடைகளை எழுதி, அதன் பின்னரே குற்றம் காணத் தொடங்குதல் வேண்டும். எழுதும்போதே குற்றம் காண்பவர் மூன்றாவது விடையோடு நின்றுவிடுவர்.

4. இடைவெளி. அயராது முயன்றும் வழி தோன்றாதாயின், அவ்வேலையை ஒருநாள் ஒதுக்கி வைத்து வேறு பணியில் ஈடுபடலாம். தளர்ச்சி நீங்கிய பின், மரங்கள் அடர்ந்த குன்றுகளில் மெல்ல நடக்கையிலேயே நல்ல எண்ணங்கள் தமக்கு எளிதில் தோன்றியதாக ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறியுள்ளார்.

5. சிறு சோதனை. புதிய எண்ணத்தை ஒரு பாத்தியில், ஒரு வகுப்பில், ஒரு தெருவில் முதலிற் செய்து பார்த்தல் வேண்டும். ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றாத பாத்தி ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுக. தோல்வியையும் குறிப்பேட்டில் எழுதுக. உயிருக்கு ஊறு நேரக்கூடிய மருந்தின் அளவு, நஞ்சு மருந்துத் தெளிப்பு முதலியவற்றில் தாமே மாற்றம் செய்தலாகாது. கண்டதை உரிய நிபுணருக்கு எழுதியனுப்புதலே முறை.

6. பிறரோடு உரையாடல். கொல்லர், தச்சர், உழவர், மருத்துவச்சி ஆகியோர் தம் தொழிலில் கண்ட நுட்பங்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. மாதம் ஒருமுறை அவர்களுள் ஒருவரிடம், வழக்கத்துக்கு மாறாக அவர் செய்வது யாது, ஏன் என்று கேட்டறிதல் பெரும்பயன் தரும்.

மேற்பார்வை அலுவலருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரு பங்கு உண்டு. மாத அறிக்கையில் இலக்கும் நிறைவேற்றமும் மட்டுமே கேட்கப்படின், பொருந்தாதவற்றை எவரும் எழுதமாட்டார். எதிர்பாராமல் கண்டவை என்னும் ஒரு பத்தியை அறிக்கையிற் சேர்த்து, அதில் எழுதுவோரைக் குறை கூறாதிருத்தல், செலவின்றிச் செய்யக்கூடிய நற்பணியாகும்.

பயிற்சிகள்

அ. சென்ற ஒரு மாதத்தில் தம் பணியில் எதிர்பார்த்ததற்கு மாறாகக் கண்ட மூன்று செய்திகளை ஒவ்வொருவரும் எழுதுக. அவற்றுள் ஒன்றைச் சோதிக்கத்தக்க சிறு வினாவாக மாற்றுக.

ஆ. மெழுகுவர்த்திப் பரிசோதனையை ஒன்று, இரண்டு, மூன்று சுடர்களுடன் மாணவர் முன்னிலையிற் செய்து, நீரின் உயரத்தை அளந்து அட்டவணை இடுக. விளக்கத்தை மாணவரே கூறும்வரை பொறுத்திருக்க.

இ. தம் ஊரில் ஒருவர் தாமே அமைத்த கருவி, விதை, செய்முறை ஆகியவற்றுள் ஒன்றை, அவர் இசைவுடன், பெயர், ஆண்டு, பயன் ஆகியவற்றோடு பதிவு செய்க.

மஞ்சள் சாயல் கொண்ட கதிர்கள் எவ்வயலிலும் தோன்றலாம். தூய்மை செய்த பின்னும் மறையாத ஒளி எக்குடுவையிலும் மின்னலாம். அடுத்த முறை அத்தகைய ஒன்று தோன்றும்போது அதனை எடுத்துத் தனியே வைக்க ஒரு குறிப்பேடும், அதனைப் பற்றிக் கேட்க ஒரு துணையும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் இன்றே தேடிக்கொள்ள இயலும்.